கேள்விக்குக் கடல் தடையா?

(ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டார மாணவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆவடி என்று சொன்னதும் அகில இந்தியாவும் திரும்பிப் பார்த்த காலம் ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் காங்கிரசுக் கட்சியின் மாநாடு இங்கேதான் கூடிற்று. தேபர் தலைமை வகித்தார்; பண்டித நேரு முன்னின்றார்; முதலமைச்சராக இருந்த காமராசர் விருந்தோம்பினார். 'சமதர்மப் பாணிச் சமுதாயம் அமைப்போம்' என்று தீர்மானம் நிறைவேற்றினர். சமதர்மம் என்று சொன்னால் போதாதா, 'பாணி' என்று ஒரு வாலை ஏன் ஒட்டவேண்டும் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியை நான் இன்று எழுப்பப் போவதில்லை. நான் கேட்க விரும்புவது வேறு. அந்தச் சொல் எங்கிருந்து ஆவடிக்கு வந்தது?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் முளைத்ததா? அம்பத்தூர் வயலில் விளைந்ததா? இல்லை. அது கடல் கடந்து வந்த சொல். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் வகுப்பறைகளிலும், தொழிலாளர் கூட்டங்களிலும், நூல்நிலையங்களிலும் பேசிப் பேசிப் பழுத்த சொல். 1895ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் சிட்னி வெப், பியட்ரிஸ் வெப், கிரகாம் வாலஸ், பெர்னார்டு ஷா ஆகியோர் ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினர். இலண்டன் பொருளியல் பள்ளி என்று நாம் சுருக்கிச் சொல்கிறோம். அதன் முழுப் பெயரில் 'அரசியல் அறிவியல்' என்பதும் சேர்ந்தே இருக்கிறது. பேசும்போது அதை நாம் வெட்டிவிடுகிறோம். அங்கே 1926 முதல், 1950இல் மறையும் வரையில், அரசியல் பேராசிரியராக இருந்தவர் ஹெரால்டு லாஸ்கி. அடிமை நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் அவருடைய வகுப்பில் அமர்ந்தனர். ஆளும் நாட்டின் தலைநகரிலேயே, ஆட்சி என்றால் என்ன, அதற்கு யார் உரிமை தந்தது என்று கேட்கக் கற்றுக்கொண்டனர். கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்ற நேருவும் அந்த நாளைய சமதர்மச் சிந்தனைக் காற்றைச் சுவாசித்தவரே.

இலண்டன் வகுப்பறைக்கும் ஆவடிப் பந்தலுக்கும் இப்படி ஒரு பாதை இருந்தது. அந்தப் பாதையில் நடந்தவர் யார், நடக்க இயலாமல் நின்றவர் யார், இன்று அந்தப் பாதையில் வேலி போட முனைபவர் யார்? இவைதாம் இன்றைய பேச்சின் பொருள்.

டாங்கிக்குப் பின்னே ஓர் அரசியல்

வெளிநாட்டுப் படிப்பு என்றால் கணிப்பொறி, பொறியியல், மருத்துவம், மேலாண்மை என்று நம் வீடுகளில் பட்டியல் போடுகிறார்கள். "அரசியல் படிக்கவா அவ்வளவு தூரம் போகவேண்டும்? அதைத்தான் தேநீர்க் கடையிலேயே கற்றுக்கொள்ளலாமே" என்று கேலியும் பேசுகிறார்கள். தேநீர்க் கடையை நான் இழிவாக எண்ணுகிறவன் அல்லன். நமது இயக்கம் வளர்ந்ததே தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் படிப்பகத்திலும்தான். ஆயினும் அந்தக் கேலிக்கு விடை வேண்டுமானால் ஆவடியிலேயே இருக்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இளைஞர் ஒருவர் 1924இல் இலண்டன் சென்றார். லாஸ்கியிடம் அரசியல் பயின்றார். இந்தியா லீக் அமைப்பை நடத்தி, நம் நாட்டின் விடுதலைக்காக வெள்ளையரிடையே வாதாடினார். 1934இல் இலண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் பகுதியிலே நகராட்சி உறுப்பினராகவும் ஆனார். அவர்தாம் வி.கே. கிருஷ்ண மேனன். 1957 முதல் 1962 வரை அவர் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில்தான், 1961இல், ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை அமைந்தது. 1965இல் 'விஜயந்தா' டாங்கி இங்கிருந்து வெளிவந்தது. சீனப் போரின் தோல்வி மேனனின் பதவியைப் பறித்தது; அவருடைய குறைகளை வரலாறு எழுதியே வைத்திருக்கிறது. அவருக்குப் புகழ்மாலை சூட்ட நான் வரவில்லை. படைக்கலத்தை வெளியிலிருந்து வாங்காமல் நாமே செய்யவேண்டும் என்பது ஓர் அரசியல் முடிவு. அந்த முடிவிலிருந்துதான் ஆவடியில் ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிந்தது என்பதை நினைவூட்டவே சொல்கிறேன்.

அதே தொழிற்சாலை பிறகு என்னவாயிற்று? 2021 அக்டோபர் 1ஆம் நாள் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. அதன் கீழ் இருந்த 41 தொழிற்சாலைகள் 7 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடித் தொழிற்சாலை கவச ஊர்தி நிறுவனத்தின் கீழ்ச் சென்றது. தொழிலாளர் எதிர்த்தனர், வேலைநிறுத்தம் என்றனர். வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அதே ஆண்டில் அவசரச் சட்டமே வந்தது. டாங்கியின் ஒவ்வொரு திருகையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரிந்த தொழிலாளியால், தன் வேலையின் திருகை யார் கழற்றுகிறார், எந்தச் சாவியால் கழற்றுகிறார் என்பதை அறிய முடிந்ததா? இயந்திரத்தைப் படித்தவர் நம்மிடம் ஏராளம். ஆட்சி என்னும் இயந்திரத்தைப் படித்தவர் எத்தனை பேர்?

அரசியலைப் பாடமாகப் படிப்பது இதற்காகத்தான். அரசமைப்பு எப்படி இயங்குகிறது, வரிப் பணம் எவ்வழியே ஒன்றியத்துக்குப் போய் எவ்வழியே மாநிலத்துக்குத் திரும்புகிறது, சட்டம் எப்படிப் பிறக்கிறது, எங்கே பதுங்குகிறது என்பதை முறையாக அறிவதற்கு. மேடையில் முழங்குகிறவனுக்குப் பின்னால் கணக்கும் காரணமும் எடுத்துத் தருகிறவன் ஒருவன் வேண்டும், தோழர்களே!

செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும்

"எல்லாம் சரி, வேலை கிடைக்குமா?" என்று ஒரு தந்தை கேட்பார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே லேத் முன்னால் எட்டு மணி நேரம் நின்று, மேல்நேரமும் பார்த்து, மகளைப் படிக்கவைக்கிற தந்தை. அவருடைய அச்சத்தை ஏளனம் செய்கிறவன் ஏழையின் வயிற்றை அறியாதவன். பொறியியல் படித்தால் ஒரு தொழிற்சாலை, மருத்துவம் படித்தால் ஒரு மருத்துவமனை, அரசியல் படித்தால்? ஆட்சிப்பணி, சட்டம், இதழியல், ஆசிரியப் பணி, ஆராய்ச்சி, உலக அமைப்புகள் என்று கதவுகள் பல உண்டு. ஆனால் எந்தக் கதவும் தட்டியவுடன் திறப்பதில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் ஒன்று எண்ணிப் பாருங்கள். அந்த அச்சத்தினாலே நம் வீட்டுப் பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டால், அந்த இருக்கைகள் காலியாகவா இருக்கும்? செல்வர் வீட்டுப் பிள்ளைகள் வந்து அமர்வார்கள். வரலாறு அதைத்தான் காட்டுகிறது.

குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் பயின்றார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். அவருடைய மகன் மோகன் குமாரமங்கலம் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் படித்து, 1938இல் கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கத்தின் தலைவராகவே வந்தார். மகள் பார்வதி ஆக்ஸ்போர்டில் படித்தார். நீதிக்கட்சியின் தூண்களில் ஒருவரான பி.டி. இராசனும் ஆக்ஸ்போர்டு மாணவரே. மோகனும் பார்வதியும் ஜமீன் மாளிகையிலே பிறந்தும் செங்கொடி ஏந்தினர், சிறை கண்டனர், தொழிலாளர் பக்கம் நின்றனர். அவர்களை நாம் மதிக்கிறோம். குறை அவர்கள் மீது அன்று. உழைப்பவனுக்காக வாதாட உழைப்பவன் வீட்டிலிருந்தே ஒருவன் வர முடியாதபடி, கப்பல் கட்டணம் வழிமறித்து நின்றதே, அந்த ஏற்பாட்டின் மீதுதான் குறை.

கப்பல் கட்டணம் மட்டுமா? சாத்திரமும் வழிமறித்தது. கடல் கடந்தால் தீட்டு என்றனர். போனவனைச் சாதியிலிருந்து தள்ளி வைத்தனர். அதே காலத்திலே, இந்திய ஆட்சிப்பணித் தேர்வு 1922க்கு முன்பு வரை இலண்டனில்தான் நடந்தது. ஆளவேண்டுமானால் கடல் கடக்கவேண்டும். கடல் கடக்கவோ பணம் வேண்டும். பணமிருந்தவன் தீட்டைக் கழுவிக்கொண்டான். பணமில்லாதவனுக்குத் தீட்டும் மிஞ்சியது, அடிமைத்தனமும் மிஞ்சியது.

இருவர் கடந்த கடல்

அந்தக் கடலை, பணமும் இல்லாமல், சாதித் தகுதியும் இல்லாமல் கடந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் அண்ணல் அம்பேத்கர். பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்த உதவித்தொகையோடு 1913ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் இறங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாக எடுத்தார். அத்தோடு வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானிடவியல், அரசியல் என்று கிடைத்த வகுப்பிலெல்லாம் அமர்ந்தார். ஜான் டூயியின் வகுப்பில் அமர்ந்து, மக்களாட்சி என்பது ஓட்டுப்பெட்டி மட்டுமன்று, மனிதர் கூடி வாழும் முறை என்பதைக் கற்றார். 1916 மே 9ஆம் நாள், பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் ஆய்வரங்கிலே, இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்று ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. பிற்காலத்தில் அவர் நடத்திய போராட்டங்கள் அனைத்துக்கும் வித்து அந்தக் கட்டுரையிலே இருக்கிறது.

அதன்பின் இலண்டன் சென்றார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது, பாதியில் திரும்பினார். அவருடைய நூல்களையும் தாள்களையும் ஏற்றிவந்த கப்பல் உலகப் போரில் குண்டுக்கு இரையாகிக் கடலில் மூழ்கியது. ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்கச் சென்றார். கொலம்பியாவில் படித்த அந்த மேதைக்கு, அந்த ஊரிலே தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் விரட்டினர். நியூயார்க்கிலே அறை கிடைத்தது, பரோடாவிலே கிடைக்கவில்லை! பிறகு பம்பாயிலே ஆசிரியப் பணி செய்து காசு சேர்த்து, கோலாப்பூர் சாகு மன்னரின் உதவியும் நண்பர் தந்த கடனும் கொண்டு, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1923இல் ரூபாய் நாணயத்தின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் பெற்றார். ரூபாயைப் பற்றிப் படிக்க அவர் இலண்டன் போனார். ஏனெனில் ரூபாயின் கழுத்தைப் பிடித்திருந்த கை இலண்டனில் இருந்தது.

மற்றவர் கே.ஆர். நாராயணன். கேரளத்து உழவூரிலே ஓலைக் குடிசையில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். நாள்தோறும் பல கல் நடந்து பள்ளிக்குச் சென்றவர். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேறியவர். சென்னையிலே இதழாளராகவும் சில காலம் பணியாற்றினார். 1945இல் டாட்டா உதவித்தொகை பெற்று இலண்டன் சென்றார். என்ன படித்தார்? அரசியல்! லாஸ்கியிடமே படித்தார். முதல் வகுப்பில் தேறி 1948இல் திரும்பினார். லாஸ்கி எழுதித் தந்த அறிமுகக் கடிதத்தோடு நேருவைக் கண்டார். 1949இல் வெளியுறவுப் பணி. 1997இல் குடியரசுத் தலைவர் பதவி. அந்தப் பதவியை ஏற்ற முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அவரே. "அரசியல் படித்தால் என்ன ஆவாய்?" என்று கேட்பவருக்கு உழவூர்க் குடிசை சொல்லும் விடை அது.

இலங்கைத் தமிழரிடையிலும் ஒருவர் உண்டு. ஏ. ஜெயரத்தினம் வில்சன் இலண்டனிலே அரசியல் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பி, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பேராசிரியரானார். தந்தை செல்வாவின் மருமகன். அதிகாரப் பகிர்வின் மூலம் தீர்வு காண ஆட்சியாளருக்கே ஆலோசகராக இருந்து முயன்றார். முயற்சி முறிந்தது, 1983இல் தமிழர் வீடுகள் எரிந்தன. 1988இல் வெளியான நூலில் அந்த நாடு பிளவுபட்ட வரலாற்றை உலகம் அறிய எழுதினார். படிப்பு பேரழிவைத் தடுத்ததா? தடுக்கவில்லை. ஆனால் நடந்தது இன்னதென்று ஆதாரத்தோடு உலகின் முன் வைக்க, அந்தப் படிப்பு தேவைப்பட்டது.

உள்ளூர்ப் படிப்பு மட்டமா?

இதைக் கேட்டு, வெளிநாடு போனால்தான் அறிவு வளரும் என்று யாரும் முடிவு கட்டிவிடவேண்டாம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்னும் மயக்கம் நமக்கு வேண்டியதில்லை. காமராசர் கல்லூரி வாயிலை மிதித்ததில்லை. இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளி வாயிலைத் திறந்தார். பேரறிஞர் அண்ணா காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்திலே தோன்றி, பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் பயின்றார். மாணவராக அவர் வெளிநாடு சென்றதில்லை. ஆனால் 1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் சப் உறுப்பினராக வரும்படி அவரை அழைத்தது. மாணவருக்குப் பேச முதலமைச்சர் சென்றார்! இங்கே படித்து அங்கே பேசியவரும் உண்டு. அங்கே படித்து இங்கே பேசியவரும் உண்டு. தந்தை பெரியார் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேரவில்லை; 1931 இறுதியில் புறப்பட்டு 1932 இறுதி வரை சோவியத் நாட்டையும் ஐரோப்பிய நாடுகளையும் தம் கண்ணால் கண்டு திரும்பினார். அதுவும் ஒரு படிப்புத்தான்.

ஆகவே, போவதா வேண்டாமா என்பது அவரவர் தேர்வு. போக விரும்பும் ஏழைப் பிள்ளையைப் போகவிடாமல் தடுப்பதும், போனாலும் இதைப் படிக்காதே என்று வாயைக் கட்டுவதும்தான் நாம் எதிர்க்கவேண்டிய கொடுமை. அப்படி வாயைக் கட்ட யார் வந்தார் என்கிறீர்களா? சொல்கிறேன்.

2022இல் வந்த விதி

தாழ்த்தப்பட்ட மாணவர் வெளிநாட்டில் உயர்கல்வி பெற, ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் இருந்துவருகிறது. தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஆண்டுக்கு 125 இடங்கள் வகுத்தனர். நூற்று நாற்பது கோடி மக்கள் நாட்டில் 125 இடங்கள்! அதையும் விட்டுவைத்தார்களா? 2022 பிப்ரவரியில் ஒரு விதியைச் சேர்த்தனர். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களில் படிக்க இந்த உதவித்தொகை கிடையாது என்பதே அந்த விதி.

காரணம் என்ன சொன்னார்கள்? இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே நூல்களும் ஆவணங்களும் ஆசிரியர்களும் உண்டு. அதற்கு வெளிநாடு எதற்கு என்றார்கள்.

மேலோட்டமாகக் கேட்டால் நியாயம் போலவே இருக்கும். சற்றே உரசிப் பாருங்கள். இங்கே கிடைப்பதற்கு வெளிநாடு எதற்கு என்பது காரணமானால், பொறியியல் இங்கே இல்லையா? கணிப்பொறிக் கல்வி இங்கே இல்லையா? சென்னைக் கிண்டியிலேயே இருக்கிறதே! அவற்றுக்கு உதவித்தொகை உண்டு. சமூக ஆய்வுக்கு மட்டும் இல்லை என்றால், சொன்ன காரணம் உண்மைக் காரணம் அன்று.

இன்னொன்று. பணக்காரர் வீட்டுப் பிள்ளை தன் காசில் ஆக்ஸ்போர்டு சென்று, இந்தியச் சாதிகளைப் பற்றி ஆய்வு செய்தால் இந்த விதி அவனைத் தொடாது. பூவிருந்தவல்லிச் சேரியிலிருந்து உதவித்தொகை நம்பிப் போகிற பெண்ணை மட்டுமே தொடும். சாதியைப் பற்றி உலகுக்கு எழுதும் உரிமை, சாதியின் சுமையைச் சுமக்காதவனுக்கு உண்டு, சுமந்தவளுக்கு இல்லை! மருந்தைப் பற்றி எல்லோரும் பேசலாம், நோயாளி மட்டும் பேசக்கூடாது என்பது போன்ற நீதி இது.

இந்த விதி 1916இல் பரோடாவில் இருந்திருந்தால் அண்ணல் அம்பேத்கர் அந்தக் கட்டுரையை வாசித்திருக்க முடியுமா? இந்தியச் சாதிகளைப் பற்றிய நூல்கள் இந்தியாவிலே இல்லாமலா அவர் நியூயார்க்கில் எழுதினார்? நூல் இங்கே இருந்தது. அவரைச் சமமாக உட்காரவைத்துக் கேட்கும் அவை அங்கே இருந்தது. மன்னராட்சி நடத்திய பரோடா, தன் காசில் படித்தவன் தன் சமூகத்தையே ஆராய்வதைத் தடுக்கவில்லை. மக்களாட்சி நடத்துவோர் தடுக்கிறார்கள். அன்று, உடல் கடல் கடக்கக்கூடாது என்றனர். இன்று, உடல் கடக்கலாம், கேள்வி மட்டும் கடக்கக்கூடாது என்கின்றனர். தீட்டு ஒழியவில்லை, தோழர்களே. உடம்பிலிருந்து மூளைக்கு இடம் மாறியிருக்கிறது.

இது தனித்த செயலும் அன்று. சிறுபான்மை மாணவரின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்துவந்த 'படோ பர்தேஷ்' திட்டத்தை 2022-23 முதல் நிறுத்தினர். 2025 ஜூலையிலே, தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்குத் தேர்வு பெற்ற 106 பேரில் 40 பேருக்கே முதலில் ஆணை தந்து, எஞ்சியோருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றனர். பல்கலைக்கழகம் இடம் தந்துவிட்டது. வகுப்பு தொடங்கும் நாள் நெருங்குகிறது. பிள்ளை அஞ்சலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. எண்ணிப் பாருங்கள் அந்த வீட்டின் நிலையை!

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்நாடு அரசு 2023இல் விரிவுபடுத்திய அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தில், ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவ மதம் தழுவிய ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் 8 இலட்சத்துக்கு உட்பட்டிருந்தால் ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரையிலும், 12 இலட்சம் வரை இருந்தால் 24 இலட்சம் வரையிலும் வழங்க வகை செய்தது. சமூக அறிவியலும் சட்டமும் பாடப் பட்டியலில் சேர்ந்தே இருந்தன. இதைப் படி, அதைப் படிக்காதே என்று வாய்ப்பூட்டுப் போடவில்லை. மாநில சுயாட்சி எதற்கு என்று கேட்போருக்கு இதைச் சொல்லுங்கள்.

அக்கரையிலும் வேலி

அக்கரை நாடுகள் மட்டும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கின்றன என்று எண்ணவேண்டாம். 2025 மார்ச்சில், அண்ணல் பயின்ற அதே கொலம்பியாவில், இந்திய ஆய்வு மாணவி ஒருவருடைய விசா நீக்கப்பட்டது. அவர் அந்த நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. பாலத்தீனத்துக்கு ஆதரவாகக் குரல் எழுந்த காலத்தில் நடந்த கெடுபிடி அது. அதே ஆண்டு ஜூன் முதல், மாணவர் விசா கேட்போர் தம் சமூக வலைதளப் பக்கங்களை அதிகாரிகள் பார்க்கும்படி திறந்து வைக்கவேண்டும் என்றது அமெரிக்க அரசு. மக்களாட்சியைப் பாடம் சொல்லும் நாடு, மாணவனின் பேச்சைத் துருவிப் பார்க்கிறது. இங்கிலாந்தோ 2024 ஜனவரி முதல், ஆய்வுப் படிப்பு அல்லாத முதுகலை மாணவர் குடும்பத்தை அழைத்துவரத் தடை விதித்தது. இலண்டனில் அரசியல் முதுகலை ஓராண்டு படிக்க, கட்டணம் மட்டுமே 25,000 பவுனுக்கு மேல்.

சாதியும் கப்பலேறும், விமானமேறும். அமெரிக்காவிலே பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும், சியாட்டில் நகரம் 2023இலும் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய நேர்ந்தது. ஏன்? போனவர்கள் பெட்டியோடு அதையும் கட்டிக்கொண்டு போனதால்தான். இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வை வெளிநாட்டில் செய்யத் தேவையில்லை என்பவர், இந்தியச் சமூகம் வெளிநாட்டிலும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்.

செய்யவேண்டியவை

மாணவத் தோழர்களே! போக விரும்பினால் ஓராண்டு முன்பே ஆயத்தமாகுங்கள். தரகரின் வாய்ச்சொல்லை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதா என்பதோடு, உங்கள் பொருளை அறிந்த ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்றும் பாருங்கள். இங்கிலாந்து அரசின் செவனிங் உதவித்தொகை முதுகலைக்கு உண்டு. அதற்கு ஈராண்டுப் பணி அனுபவம் வேண்டும். 1959இல் தொடங்கிய காமன்வெல்த் உதவித்தொகை உண்டு. ஆக்ஸ்போர்டு முதலிய சில பல்கலைக்கழகங்களில் இந்திய மாணவருக்கென பெலிக்ஸ் உதவித்தொகை உண்டு. செருமனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. சில மாநிலங்களும் சில பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டு மாணவரிடம் வாங்குகின்றன என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். எந்தக் கதவில் எந்தச் சாவி என்று அறிந்தவனே உள்ளே போவான்.

கிளைத் தோழர்களே! உங்களுக்கும் கடமை உண்டு. நம் படிப்பகங்களில் நாளேட்டோடு, அரசமைப்புச் சட்ட நூலும் அண்ணலின் நூல்தொகுதிகளும் இருக்கவேண்டும். விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று சொல்லித்தர, முன்பு போய்வந்தவரை அழைத்து வாருங்கள். வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அலையும் பிள்ளையோடு ஒருவர் உடன் செல்லுங்கள். கொடி கட்டுவது போலவே அதுவும் கட்சிப் பணி.

நாடாளுமன்றத்திலும் வீதியிலும் எழுப்பவேண்டிய கோரிக்கை ஒன்று: என்ன படிப்பது என்பதை மாணவரே முடிவு செய்யவேண்டும், உதவித்தொகை தருகிறவர் அவருடைய கேள்வியைத் தணிக்கை செய்யக்கூடாது. இந்த விதி எந்த வடிவில், எந்தத் திட்டத்தில் தலைகாட்டினாலும் எதிர்ப்போம். 125 இடங்கள் போதா, பெருக்கவேண்டும். தேர்வு பெற்றவருக்கு நிதி இல்லை என்று சொல்லும் நிலை வரவே கூடாது.

போய்வருகிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அங்கேயே வாழ நேர்ந்தால் அதைக் குற்றம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் கற்றதை ஆங்கிலத்திலே மட்டும் எழுதி, அங்குள்ள அலமாரியிலே பூட்டி வைக்காதீர்கள். ஒரு முறையேனும் தமிழில் எழுதுங்கள். ஆவடித் தொழிலாளியும் அம்பத்தூர்த் தந்தையும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள். அவர்கள் உழைப்பிலும் வரியிலும்தான் அந்த விமானம் பறந்தது.

1955இல் இங்கே ஒரு சொல் கடல் கடந்து வந்து சேர்ந்தது. இனி நம் வட்டாரத்திலிருந்து கேள்விகள் கடல் கடந்து போகட்டும், விடைகளோடு திரும்பட்டும்.